ஒத்தை ஆளுக்கு வழுக்காத செயின்

— சைக்கிள் செயின் தளர்ந்துருச்சு, வேற ஒண்ணுமில்லம்மா. அதாவது, பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால இழுத்து நட்டை முறுக்கினா சரியாயிடும்.

— இழுத்தாச்சு, முறுக்கியாச்சு. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி ஸ்பேனரோட நின்னீங்களே, அப்பவே.

— அப்புறமும் மிதிக்கறப்ப செயின் பல்லு மேல தாவுதே?

— தாவாம? போன மாசம் செயினை மட்டும் புதுசா மாத்தினீங்க. பின்னாடி பல்சக்கரத்தைப் பாருங்க, பல்லெல்லாம் தேஞ்சு கொக்கியா வளைஞ்சு கிடக்கு. புது மருமகளையும் பழைய மாமியாரையும் ஒரே அடுப்படியில விட்டுட்டு, ஏன் சத்தம் வருதுன்னு கேக்கறீங்க.

— அதாவது, பல்சக்கரத்தையும் மாத்தணும்.

— அடடா, என் புருஷனுக்கு என்ன மூளை! கடையில விட்டா நாளைக்குச் சாயங்காலம் தருவாங்க.

— காலையில வேணுமே.

— ஆபீஸுக்கு பஸ் ஓடலையா?

— இல்ல... சைக்கிள் இல்லாம முடியாது.

— அதான் எனக்கும் புரியல. இப்ப நான் மட்டும் தெருக்கோடி மேட்டுல மிதிச்சேன், சமத்தா ஓடுச்சு. உங்களைப் பின்னாடி ஏத்தினேன், டக்கு டக்குன்னு தாவுது. பாரம் ஏறினாத்தான் இதுக்கு நோவு. ஒத்தையாப் போற உங்களுக்கு மட்டும் எப்படித் தினம் தாவுது?

— ஆபீஸ் பை இருக்குல்ல.

— பைக்குள்ள ஆபீஸையே மடிச்சு வச்சுக் கொண்டு போறீங்களோ? கேரியர்ல யாருங்க?

— கோபப்படக் கூடாது.

— கோபமா, எனக்கா? கையில ஸ்பேனர் இருக்கு, அவ்வளவுதான்.

— உன் அக்கா.

— ஓஹோ.

— கை உடைஞ்சு கட்டு பிரிச்சிருக்காங்க. தினம் காலையில ஆஸ்பத்திரியில பயிற்சி. ஒரு நாள் விட்டாலும் தோள் இறுகிடுமாம். பஸ் கூட்டத்துல எவனாவது இடிச்சா என்ன ஆகறது? அதாவது, அவங்களுக்கு வேற யாரு இருக்கா?

— அம்மா வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கினப்ப, ஊர்ப்பட்ட ஆள் இருந்தாங்களே.

— அது பழைய கதைம்மா. உன்கிட்ட எப்படிச் சொல்ல? செத்தாலும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவ நீ.

— பண்ணேன். இப்பவும் அதேதான்.

— சரி, நாளைக்கு நடத்தியே கூட்டிட்டுப் போறேன்.

— கிழிச்சீங்க. கழட்டின பழைய செயின் எங்க?

— பரண்ல. அதுதான் அடிக்கடி கழண்டு விழுதுன்னு...

— கழண்டா மாட்டிக்கலாம். அதுவும் இந்தப் பல்லும் சேர்ந்து தேஞ்சதுங்க, பாரம் ஏத்தினாலும் தாவாது. நாளைக்கு ஒரு நாள் தாங்கும். எடுத்துட்டு வாங்க.

— எடுக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத, அவங்களை இறக்கி விட்டுட்டு நேரா ஆபீஸ் போயிடுவேன்.

— நீங்க பஸ்ல போங்க. அவளை நான் மிதிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பின்னாடி உக்கார்றவளுக்கு என் முதுகுதானே தெரியும்?