முன்வராந்தாவைப் புதுப்பித்த விதம்

சிவப்புத் தரையைத் துடைக்கும் தண்ணீரில் ஒரு மூடி மண்ணெண்ணெய் விட்டால் போதும். எறும்பு அண்டாது, தரையும் பளபளக்கும். இது தெரியாமல் பலர் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தரையை வெளுக்க அடித்துவிடுகிறார்கள். நீங்கள் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், சார். அந்தப் பக்கம் காய்ந்துவிட்டது. பிரம்பு நாற்காலியிலும் பயமில்லாமல் சாயலாம். வெள்ளைப் பெயிண்ட் அடித்து மூன்று நாளாகிறது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். பதினாறு வருடமாக ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைக் கற்றுக்கொடுப்பவள் நான். நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். இந்த ஒரு வருடத்தில் யாரும் நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பூனாவில் வசந்தம் என்பது மூன்று வாரம். குளிர் போய், வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். எதிர்வீட்டு மராத்திக்காரர்கள் அவர்கள் வருடப்பிறப்பான பாட்வா பண்டிகைக்கு முன்பே வாசலைக் கழுவி, மாவிலை கட்டி, மூங்கிலில் பட்டுத்துணி ஏற்றிவிடுவார்கள். நமக்கு ஈஸ்டர். வானவடிப் பகுதியில் இருக்கும் இந்த வீடு பழைய பங்களாவில் பாதி. உள்ளே இருட்டு, ஒழுகல், சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் முன்வராந்தா மட்டும் இரண்டு உருண்டைத் தூணும் மரச்சட்டத் தட்டியுமாக ராஜா வீட்டு வராந்தா. தெருவில் போகிறவர்கள் வீட்டுக்குள் வந்தா பார்க்கிறார்கள்? வராந்தாவைத்தான் பார்க்கிறார்கள்.

போன வருடம், எண்பத்தொன்றில், ஒரு பத்திரிகையில் படித்தேன். முதலில் வராந்தாவில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டுமாம். கழுவி முடித்தபிறகு, கண்ணுக்கு அழகானதை மட்டும் திரும்ப வைக்க வேண்டுமாம். எவ்வளவு எளிமையான விஷயம் பாருங்கள். நாம்தான் எடுத்ததையெல்லாம் திரும்ப அடைத்துவிடுகிறோம்.

என் கணவர் ஹெர்பர்ட் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வாரம் வேலையாக அகமத்நகர் போயிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. வேலைக்கு வரும் பவுனும் நானுமாக எடுக்க ஆரம்பித்தோம். உடைந்த குடை ஸ்டாண்டு, துருப்பிடித்த மண்ணெண்ணெய் டின்கள், ஓடாத சைக்கிள், கிழிந்த கயிற்றுப் பாய். பழைய சாமான்காரன் ஒரே நடையில் வாரிக்கொண்டு போய்விட்டான். தட்டிக்குச் சோடா போட்டு நாலு தடவை கழுவினோம். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் அருமையான தேக்கு. பித்தளைப் பெயர்ப்பலகையைப் புளி போட்டுத் தேய்த்ததும் 'ஹெர்பர்ட்' என்ற எழுத்து சூரியன் மாதிரி ஜொலித்தது. பவுன் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். சந்தோஷமான நாட்கள் அவை.

கடைசியில் ஒரே ஒரு மூலைதான் மிச்சம். பெரியத்தானின் மூலை.

ஜெபமணி என் கணவரின் அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கிர்க்கி பக்கம் ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், மனைவி பிள்ளை கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து தம்பியை அழைத்து வந்து படிக்கவைத்ததும், இந்த வீட்டை முதலில் வாடகைக்குப் பிடித்ததும் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. எனக்கு ஆசிரியைப் பயிற்சிக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் ஓய்வு பெற்று ஐந்தாறு வருடத்தில் நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது. உள்ளே படுக்கச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்பார். வராந்தா மூலையில் கயிற்றுக்கட்டில், காக்கிக் கம்பளி, பிஸ்கட் டப்பாக்களில் திருகாணிகள். நாளெல்லாம் அவற்றைக் கொட்டி, அளவு பார்த்துப் பிரித்து, எண்ணெய் போட்டுத் துடைப்பார். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. தெருவில் யார் போனாலும் எழுந்து சல்யூட் வைப்பார். தபால்காரனுக்கும் சல்யூட், பால்காரனின் எருமைக்கும் சல்யூட்.

யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் அன்று மாலை எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் இருபது பேர் தேநீருக்கு வருவதாக இருந்தது. கட்டிலை மட்டும் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். கால்மணி நேரத்தில் அவரே இழுத்து வந்து அதே மூலையில் போட்டுவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி இழுத்து வந்தார். கழுவிய தரையில் நான்கு கோடுகள்.

புதன்கிழமை காலை அவருக்கு நல்ல சட்டை போட்டுவிட்டேன். தலைவாரிப் பவுடரும் பூசினேன். பூரி கிழங்கு கட்டிக்கொண்டேன். பாசஞ்சர் பிடித்து தவுண்டு ஜங்ஷன் போனோம். அங்கே மெட்ராஸ் போகும் வண்டி வந்தது. பொதுப்பெட்டியில் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார வைத்தேன்.

"இது எங்க போற வண்டி, பிள்ள?" என்றார்.

"நம்ம ஊருக்குத்தான், பெரியத்தான்."

"தம்பி வரலியா?"

"பின்னால வாராவ. நீங்க எடத்த விட்டு எந்திரிச்சிராதீங்க. நான் போய் சாயா வாங்கிட்டு வாரேன்."

"சரி, பாத்துப் போ. கூட்டமா இருக்கு" என்றார்.

வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார வைத்தேன். பூரிப் பொட்டலத்தை மடியில் வைத்தேன். வண்டி நகர்ந்தபோது நான் பிளாட்பாரத்தில்தான் நின்றேன். அவர் கையை ஆட்டி ஏதோ கூப்பிட்டார். நானும் கையை ஆட்டினேன். வழியனுப்ப ஆளில்லாமல் போனார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மறுநாள் ஹெர்பர்ட் வந்ததும், வெளியே போனவர் திரும்பவில்லை என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் போலீசில் எழுதி வைத்தார், நோட்டீஸ் அடித்து ஒட்டினார். ஈஸ்டர் தேநீரை ரத்து செய்யச் சொன்னார். சொல்லியனுப்பிய பிறகு எப்படி ரத்து செய்வது? வந்தவர்கள் எல்லாரும் பெரியத்தானுக்காக ஜெபித்தார்கள். வராந்தா அற்புதமாக இருப்பதாகவும் சொன்னார்கள். கட்டில் இருந்த இடத்தில் நான்கு குரோட்டன்ஸ் தொட்டி, நடுவில் ஒரு பெரணிச் செடி. பவுன் மட்டும் துடைப்பத்தோடு அந்த மூலையில் நின்றுவிட்டாள்.

"அம்மா, அந்தப் பெரியவரு கெடைக்கிறதுக்குள்ள அவரு கட்டில எதுக்கும்மா வித்தே?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. காரணம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஹெர்பர்ட் அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் தேடப் போவார். கிர்க்கி, எரவாடா, போசரி என்று தர்ம ஆஸ்பத்திரி, கோயில் வாசல், பாலத்தடி ஒன்று விடுவதில்லை. வெயில் மழை பார்ப்பதில்லை. ஒருவகையில் அது நல்லதாகத்தான் முடிந்தது. சர்க்கரை வியாதி குறைந்திருப்பதாக டாக்டரே சொன்னார்.

இன்று மதியம் நீங்கள் வந்தபோது நான் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லக்ஷ்மிநாராயணன், ரயில்வே போலீஸ், வாடி ஜங்ஷன் என்று தமிழில் சொன்னீர்கள். அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த அதிகாரி இருப்பார் என்று நான் நினைத்ததில்லை. இந்தத் தெருவில் இரண்டு தடவை இந்த வீட்டைத் தாண்டிப் போனதாகச் சொன்னீர்கள். பச்சைத் தட்டி, கயிற்றுக்கட்டில் என்று அடையாளம் எழுதிக்கொண்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அவ்வளவு மாறியிருக்கிறது. அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நீங்கள் ஒரு காகிதத்தை எடுத்து, "காணாமப்போன ஈனிட் டீச்சர் வீடு இதுதானாம்மா?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். பெரியத்தான் என்னைக் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார். டிக்கெட் இல்லாததால் வாடியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி சாயா வாங்க இறங்கியவள் வண்டியைத் தவறவிட்டுவிட்டாள், பாஷை தெரியாத இடத்தில் தவிப்பாள், தேடுங்கள் என்று அழுதிருக்கிறார். ஊர் பேர் சொல்ல வரவில்லை. தன் பேரே வரவில்லையாம். என் பேர் மட்டும் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷன் கேன்டீன்காரர் துரைசாமி சோறு போட, ஒரு வருடமாக ஒவ்வொரு வண்டியிலும் பெண்கள் பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதம்தான் ஒருநாள் திடீரென்று 'வானவடி' என்ற வார்த்தை வாயில் வந்ததாம்.

நீங்கள் நேராகக் கேட்டீர்கள்: "நீங்க வண்டியத் தவறவிட்டீங்களா, இல்ல வேணும்னே விட்டீங்களா?" வேண்டுமென்றேதான் விட்டேன் என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்த ஹெர்பர்ட் உள்கதவருகே பையோடு நிற்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்களும்தான் பார்த்தீர்கள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சட்டைப் பையில விலாச அட்டை தச்சு வச்சிருந்தேனே, ஈனிட். எல்லாச் சட்டையிலும் தச்சிருந்தேனே."

"நனைஞ்சா மை கரையுமேன்னு பிரிச்சேன்."

"அன்னிக்கு அந்தச் சட்டையத் துவைச்சியா?"

"இல்ல" என்றேன்.

ஆமாம், பிரித்தேன். சின்னக் கத்தரிக்கோலால், துணி கிழியாமல், ஒவ்வொரு தையலாக. திரும்பி வந்துவிடக் கூடாது என்றுதான் பிரித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். ஈஸ்டருக்கு வாங்கிய முட்டைகள் உடையும் என்று சொன்னேன், காதில் விழவில்லை. செருப்போடு ஈரத்தரையில் நடந்து இறங்கி, கேட்டைக்கூடச் சாத்தாமல் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. அண்ணனைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வந்துவிடுவார். அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் புறப்படும்போது நானும் வருகிறேன், சார். புடவை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். அதற்குள் ஒரு உதவி செய்யுங்கள். அந்தப் புகாரை முடித்துவிடுங்கள். தேடப்பட்ட பெண் கிடைத்துவிட்டாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதுங்கள். பாவம், என்னால் ஒருவர் மனம் கஷ்டப்படுகிறது என்றால் என்னால் தாங்க முடியாது.