சட்டம் போடாத தலை

இல்லை நானா, பேரைக் கடைசியில சொல்லுறன். சத்தியக்கடதாசியில அந்த இடத்தை வெறுமையா விடச் சொல்லுங்கோ மகளிட்ட. அஸீஸாவே பேர்? நல்லது. அஸீஸா, நான் சொல்லச் சொல்ல ரைப் பண்ணுங்கோ பிள்ளை, வரிசை மட்டும் மாறக்கூடாது.

முதலாவது, நாற்பத்தெட்டு. தோட்டத்துச் சனத்தின்ர பிரசாவுரிமையைப் பறிச்சது. ரெண்டாவது, ஐம்பத்தாறு, சிங்களம் மட்டும். அதுக்காகக் காலிமுகத்திடலில குந்தியிருந்து அடி வாங்கினனான், பதினாறு வயசு. மூண்டாவது ஐம்பத்தெட்டுக் கலவரம். நாலாவது எழுபத்தொண்டு, பல்கலைக்கழகம் போக எங்கட பிள்ளையள் கூடப் புள்ளி எடுக்கோணுமெண்ட தரப்படுத்தல். அஞ்சாவது எழுபத்தேழுக் கலவரம். ஆறாவது எண்பத்தொண்டு, யாழ்ப்பாண நூல்நிலையத்தை எரிச்சது. ஏழாவது எண்பத்துமூண்டு ஆடி, அதில இஞ்ச வெள்ளவத்தையில என்ர அறையும் போச்சுது, புத்தகமும் போச்சுது. எட்டாவது தொண்ணூற்றஞ்சு, முழு யாழ்ப்பாணமும் மழையுக்குள்ள வீட்டை விட்டு நடந்தது. ஒன்பதாவது போன வருஷம், ரெண்டாயிரத்தேழு, கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட சனத்தைப் பிடிச்சு பஸ்ஸில ஏத்தினது.

தொண்ணூறா? ஏன் நானா தொண்ணூறு?

ஓம். ஓம், விளங்குது. உங்கட முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொன்னது. அது எங்கட ஆக்கள் செய்தது. நாற்பது வருஷமா இந்தப் பட்டியலை மேடையில சொல்லுறன், பிரசுரத்தில போடுறன், அதுக்கு நான் ஒருநாளும் நம்பர் போடேல்ல. எட்டாவதாப் போடுங்கோ பிள்ளை, மற்ற ரெண்டும் ஒவ்வொரு படி கீழ இறங்கட்டும்.

ஓம், கவனிச்சிட்டியள். தொண்ணூற்றஞ்சுக்குப் பிறகு நேரா ரெண்டாயிரத்தேழுக்குப் பாய்ஞ்சிட்டன். நடுவில ஒண்டு இருக்குத்தான். வருவன்.

சத்தியக்கடதாசிக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லையோ? சரி, வெட்டுங்கோ. பழகின வாய். துறைமுகத்தில சங்கம் வச்சு முப்பது வருஷம் கத்தினனான். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சுது, மிச்சமெல்லாம் பிரசுரத்தில படிச்சதுதான். தெரிஞ்ச ஜே.பி. மாரிட்ட, அந்தச் சமாதான நீதவான்மாரிட்ட, போகாமல் உங்களிட்ட வந்ததும் அதாலதான். அவை என்ர பேச்சைக் கேட்டுக் கை தட்டினவை.

அந்தப் பிரசுரங்களை அச்சடிச்சது ஆரெண்டு நினைக்கிறியள்? உங்கட கையில இருக்கிற மனுவில காணாமல் போனவர் எண்டு போட்டிருக்கே, அந்த அழகுமுத்துதான். ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் பின்னால ஒரு சின்ன அச்சகம், அதில எழுத்துக் கோர்த்தவன். எனக்கு ஒற்று வராது. எங்க க் வரும், எங்க ச் வரும் எண்டு அவன்தான் போட்டுத் தருவான். தோழர், நாட்டக் கேக்கிறதுக்கு முந்தி ஒரு இக்கன்னாவக் கேளுங்கன்னு சிரிப்பான். ஒருக்கா என்ர செருப்பு வார் அறுந்து போச்சு. பிரசுரம் குத்துற கம்பியால அந்த இடத்திலயே குத்தித் தந்தவன். செப்புக் கம்பி, மினுங்கும். பொம்பிளையளின்ர கொலுசு மாதிரிக் கிடக்கு தோழர் எண்டு வேற சொன்னான்.

கௌரி அவன்ர பெண்சாதி. கீழதான் நிக்கிறா, பேதுருவின்ர தையல் கடையில. பொறுங்கோ, பிறகு கூப்பிடுவம். அவவுக்கு இப்ப என்ன கரைச்சலெண்டால், பொலிஸ் வீடு வீடா ஆக்களைப் பதியிறாங்களெல்லே, அதில புருஷன் எங்க எண்டு கேக்கிறாங்கள். காணேல்ல எண்டால், வன்னியில இயக்கத்தோடயோ எண்டு கேக்கிறாங்கள். போன மாசம் அவவையும் மகளையும் ஒரு பகல் முழுக்கப் பொலிஸ் வாங்கில இருத்தி வச்சிருந்தவங்கள். பன்ரெண்டு வருஷத்துக்கு முந்தி யூனிபோர்ம் போட்டவங்கள்தான் கொண்டு போனதெண்டு காட்ட அவவிட்ட ஒரு துண்டும் இல்லை. கண்ணால கண்ட ஒருத்தர் சத்தியக்கடதாசி குடுத்தால் காணும். அண்டைக்கு நிண்டவையில பாதிப்பேர் கனடாவில, பாதிப்பேர் மண்ணுக்க, மிச்சம் வாய் திறக்காது. நான் கண்டனான்.

ஏன் இவ்வளவு காலமும் குடுக்கேல்ல? கேக்கத்தான் வேணும் நீங்கள்.

மாசியில வெள்ளவத்தைச் சந்தையில விழுந்தனான். மீன்காரன்தான் தூக்கினது. படம் எடுத்துப் பாத்தால், நெற்றிக்குப் பின்னால, வலப்பக்கம், ரத்தக்குழாயள் நூல்பந்து மாதிரிச் சிக்குப்பட்டுக் கிடக்காம். பிறக்கேக்கயே வந்ததாம். எனக்கு அப்பப்ப தலை இழுக்கிறதும் அதாலதானாம். வெட்டி எடுக்க ஏலாத இடம், கதிர்தான் பாய்ச்சோணும், இந்தியாவுக்குப் போங்கோ எண்டிச்சினம். பழைய சங்கத்து ஆக்கள் அனுப்பி வச்சவை.

தனியத்தான் போனனான். கூட வந்தவர் பேர் எண்டு ஆஸ்பத்திரியில நிரப்பத் தந்த பாரத்தில ஒரு கோடு. அதையும் வெறுமையா விட்டன். நேர்ஸ் பிள்ளை ரெண்டு தரம் கேட்டுது, யாருமே வரலியா ஐயா எண்டு. கட்சி வருமெண்டு சொன்னது, வரேல்ல எண்டன். அவவுக்கு விளங்கேல்ல.

டொக்டர் நல்ல மனுசன். முந்தியெல்லாம் மண்டையோட்டில நாலு திருகாணி இறுக்கி ஒரு இரும்புச் சட்டம் மாட்டுவோம் ஐயா, இப்ப சட்டம் போடாமலே பண்றோம் எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கட நாட்டில சட்டம் போடாமல் ஒருத்தரும் தலையில கை வைக்கிறேல்ல டொக்டர், அவசரகாலச் சட்டம், தடைச்சட்டம், எனக்கு நாலு திருகாணியும் எப்பவோ இறுக்கியாச்சு எண்டன். பாவம், சிரிக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் நிண்டார்.

சட்டத்துக்குப் பதிலா ஒரு முகமூடி, நானா. வெள்ளைப் பிளாஸ்ரிக், வலை மாதிரி ஓட்டை ஓட்டையா. சுடுதண்ணியில போட்டெடுத்து, ஈரத்தோட முகத்தில வச்சு அமத்துவினம். பத்து நிமிஷத்தில இறுகி, மூக்கு, நாடி எல்லாம் என்ர அச்சாப் போகும். அதைப் படுக்கையோட சேர்த்துப் பூட்டினால் ஆள் அசைய ஏலாது. பெரிய மெஷின் ஒண்டு தலையைச் சுத்திச் சுத்திக் கதிர் அடிக்கும். இடைக்கிடை படம் எடுத்து, தலை துளி விலகினாலும் பிடிச்சிடும். எல்லாரும் வெளிய போய்க் கதவைச் சாத்திச்சினம். பிறகு மைக்கில ஒரு குரல். தலைய மட்டும் ஆட்டிடாதீங்க ஐயா.

நான் கத்தினன்.

ரெண்டு தரம் கழட்டினவை. மூச்சு முட்டுதா எண்டு கேட்டிச்சினம். மூச்சு நல்லா வருது எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது அந்தப் பிள்ளையளுக்கு? மூண்டாந்தரம் படுத்திட்டன். அம்பது நிமிஷம். பட்டியலை மனசுக்குள்ள முதல்ல இருந்து சொன்னன். தொண்ணூற்றஞ்சு முடிய அடுத்தது வந்து முன்னால நிண்டிட்டுது. வழமையா நான் அந்த இடத்தில முகத்தைத் திருப்பிப் போடுவன். பூட்டி வச்ச தலையை எப்பிடித் திருப்புறது?

அந்த முகமூடியைக் கேட்டு வாங்கிக் கொண்டந்தனான். உந்தப் பையுக்க கிடக்கு, பாருங்கோ. வரேக்க பாமன்கடைச் சந்தியில செக்பொயின்ற்காரன் பையைத் திறந்து, மே மொக்கத, இதென்ன, எண்டு சிங்களத்தில கேட்டான். பெஹெத் எண்டன், மருந்து. அவன் அதைத் தூக்கித் தன்ர முகத்தில வச்சு, மற்றவனைப் பாத்துச் சிரிச்சான். என்ர மூக்கு அவனுக்குக் கொஞ்சம் பெரிசு. பிறகு அதோடயே என்ர பக்கம் திரும்பினான். நான் றோட்டிலயே குந்திட்டன் நானா. வெய்யிலாக்கும் எண்டு தண்ணி தந்தாங்கள்.

சுகமாகிட்டுதோ எண்டோ? இல்லை. கதிர் அடிச்ச உடன குழாய் அடையாதாம், ரெண்டு மூண்டு வருஷம் எடுக்குமாம். அதுவரைக்கும் எந்த நேரமும் வெடிக்கலாம். அதுதான் இண்டைக்கே வந்தனான்.

சரி. தொண்ணூற்றாறு. அடியுங்கோ பிள்ளை. கொட்டாஞ்சேனையில ஒரு விளையாட்டு மைதானம், காலமை. சுற்றிவளைப்பில பிடிச்ச ஆம்பிளையளை ஒவ்வொருத்தரா ஒரு ஜீப்புக்கு முன்னால நடக்க விட்டவங்கள். ஜீப்பில சாக்குப் போட்ட தலையாட்டி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவன் தலையாட்டின ஆளைக் கொண்டு போவாங்கள், உங்களுக்குத் தெரியாததே. கௌரியின்ர மனுவில நாலாம் வரியை வாசியுங்கோ நானா. ஓம். முகமூடியணிந்த இனந்தெரியாத நபர் ஒருவர் தலையசைத்ததன் பேரில். நல்ல தமிழ், இல்லையே? நான் எழுதினது. பதினேழு மனு எழுதிக் குடுத்திருக்கிறன் அவவுக்கு, பதினேழிலயும் அதே வசனம். அதை அப்பிடியே எடுங்கோ பிள்ளை, இனந்தெரியாத நபர் எண்ட இடத்தில மட்டும் ஒண்டும் போடாமல் இடம் விடுங்கோ.

அழகுமுத்து வந்தான். சாக்கு இடுப்பு மட்டும்தான், கால் வெளிய தொங்கினது. கம்பி போட்ட செருப்பு. அதைக் கண்டிட்டான். பிறகு நிமிந்து ஓட்டையைப் பாத்தான். பாத்து லேசாத் தலையாட்டினான், என்னங்க தோழர் எண்டு தெருவில ஆட்டுவானே, அது மாதிரி. ஒருத்தர் ஆட்டினால் திருப்பி ஆட்டுறதுதானே. நானும் ஆட்டினன்.

ஏன் நிப்பாட்டிட்டீங்கள்? அடியுங்கோ பிள்ளை.

நாலு நாள் வச்சிருந்தவங்கள் என்னை. ஒராளைக் காட்டினால் பின்னேரம் வீட்டை போகலாம் எண்டவங்கள். மூண்டு நாள் மரம் மாதிரி இருந்தனான், அதையும் எழுதலாம். நாலாம் நாள் பின்னேரம் சொன்னபடி விட்டாங்கள். பஸ்ஸில வந்தன். சீற்றில இருக்க இடமும் கிடைச்சுது.

இல்லை நானா, வலிப்பெண்டு எழுதாதேங்கோ. எல்லாருக்கும் அது சுகம், தெரியும். பன்ரெண்டு வருஷம் நானும் எனக்கு அதைத்தான் சொன்னனான், தலை தானா இழுத்ததெண்டு. அந்த டொக்டரிட்ட கேட்டன். படத்தைக் காட்டினார். சிக்கு வலப்பக்கம் இருக்கு, வலிப்பு வந்தா உங்க தலை இடப்பக்கம்தான் திரும்பும் ஐயா எண்டார். பாருங்கோ, இப்பிடி. ஓம் எண்டு மேலயும் கீழயும் ஆட்டுறது வேற. அதை ஆள்தான் ஆட்டோணும். மரியாதைக்கு ஆட்டினனோ, வீட்டை போக ஆட்டினனோ, அது எனக்குத் தெரியாது. தெரியாது எண்டே எழுதுங்கோ.

ஆபத்துத்தான். ஆமி, இயக்கம், ரெண்டு பக்கத்தாலயும் ஆள் வரும். தலைக்குள்ள இருக்கிறது முந்தினால் அவங்களுக்கு வேலை மிச்சம்.

கௌரியிட்டத் தனியச் சொல்லப் போனனான் நானா. இந்தியாவால வந்த கிழமையே போனன். தேத்தண்ணி தந்தா. எப்பண்ணே அடுத்த மனு எழுதலாம்னு கேட்டா. குடிச்சிட்டு வந்திட்டன்.

பேதுரு. பேதுரு, ஒருக்கா மேல வாங்கோ. கௌரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஜே.பி. கையெழுத்து மட்டும் காணுமெண்டு தெரியும் நானா, சட்டத்தில சாட்சி கேக்கேல்ல. இதைச் சட்டம் போடாமலே செய்வம். எனக்குச் சாட்சி வேணும்.

வாங்கோ தங்கச்சி. அந்தக் கதிரையில இருங்கோ. பையைக் கீழ வையுங்கோ. இல்லை, இண்டைக்கு மனு இல்லை. பேதுரு, நீங்கள் அந்தக் கதவடியில நில்லுங்கோ, கேட்டால் காணும்.

அஸீஸா, ரெண்டு இடம் வெறுமையாக் கிடக்கு. மேல ஒண்டு, சத்தியம் செய்யிறவர். கீழ ஒண்டு, சாக்குக்குள்ள இருந்தவர். ரெண்டுக்கும் ஒரே பேர்தான். உரத்து வாசிக்கிறன், அடியுங்கோ. ஒற்றுகளைச் சரியாப் போடுங்கோ பிள்ளை.

வல்லிபுரம் சிவபாதசுந்தரம்.