அரக்குச் சேலைக்கு ஐந்து வாட்

வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள், கூரைக்கு ஸ்பாட்லைட் போடலாம் என்று யோசிக்கிறீர்கள், என்னிடம் யோசனை கேட்கிறீர்கள். நல்ல ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில், இந்த வீட்டு வரிசையிலேயே முதலில் பிளாஸ்டர் சீலிங் போட்டது நான்தான். பழைய ஹாலோஜன் விளக்குகள் மின்சாரத்தை அப்படிக் குடிக்கும். ஐம்பது வாட் எரிந்த இடத்தில் இப்போது ஐந்து வாட் எல்இடிதான் எரிகிறது.

ஆனால் வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எல்லா வெளிச்சமும் நிறத்தை உள்ளபடி காட்டாது. இதை நான் தேடிப் போய்க் கற்றுக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது.

அப்போது என் மகன் தீபனுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். பெண் தேன்மொழி, ஆற்றோர ஊரான கோத்தா திங்கிக்காரி. தங்கமான பெண், குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் பெரிய சங்கடம். ஒரு நாள் எனக்கு மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டே அன்பாகச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் சிங்கப்பூர்லயே வீடு பார்த்துக்கிறோம் அத்தை. டெய்லி பாலம் தாண்டி வேலைக்குப் போறது அவருக்கு ரொம்ப கஷ்டம் லா."

அவன் அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். விடியுமுன் அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுக்கத்தான் நான் எழுந்திருப்பதே. "நல்லதுமா" என்று சொல்லிவிட்டு மீனுக்கு மஞ்சள் தடவினேன்.

பரிசம் போடப் பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வருஷ மழையில் ஆறு பெருகி அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், சுவரெல்லாம் சேறு. "நம்ம வீட்டுலயே வச்சிக்கலாம் சம்பந்தி, வேறயா நாம" என்றேன். அவள் அப்பா கண்கலங்கிவிட்டார். உதவி செய்தால் மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

பரிசச் சேலையைத் தேன்மொழியே எடுத்திருந்தாள், தீபனும் கூடப் போயிருந்தான். நல்ல அரக்கு நிறப் பட்டு. நான் அதன் முந்தானைக்குக் குஞ்சம் கட்டி வாங்கிக்கொண்டு, அப்படியே விளக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் ஒரு விளக்கைக் காட்டும்போது சேலைப் பை அதற்கடியில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். அரக்கு போன இடம் தெரியவில்லை. கருகருவென்று கிடந்தது.

"இதை வாங்காதீங்க ஆன்ட்டி, மலிவுதான், ஆனா சிவப்பைக் காட்டாது" என்று மலாயில் சொன்னார். நேர்மையான மனிதர். கூடத்துக்கு முழுக்க அதையே வாங்கினேன். வாசலில் கார் நிறுத்தும் இடத்துக்கும் சேர்த்து வாங்கினேன். மின்சாரம் மிச்சமாகட்டுமே.

பரிசம் சாயங்காலம் இருட்டின பிறகு. நான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டேன், பச்சையை அந்த விளக்கு ஒன்றும் செய்யாது. தட்டு மாற்றினோம். தேன்மொழி உள்ளே போய்ப் பரிசச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்தாள். பெரியவராக முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் காளியப்பன். சகுனம் பார்க்காமல் பல்கூடத் துலக்க மாட்டார்.

"நல்ல காரியத்துல கருப்புச் சேலையா? யாரு எடுத்தது இதை?"

"கருப்பு இல்ல பெரியப்பா, அரக்கு. நான்தான் எடுத்தேன்."

"அலமாக், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் அப்பா அவளைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். அங்கேயும் கருப்புத்தான். எல்லோர் நெற்றிக் குங்குமமும் கரிப்பொட்டாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சேலையை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே.

நான் வாயே திறக்கவில்லை, இதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். தேன்மொழிதான் தீபனைப் பார்த்தாள்.

"நீங்க கூட இருந்தீங்கல்ல? பகல்ல பார்த்தீங்கல்ல? சொல்லுங்க தீபன்."

அவன் சேலையைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று சிரித்தேன்.

"அப்ப எப்படி இருந்துச்சுன்னு தெரியல தேனு. இப்ப பார்த்தா கருப்பாத்தான் இருக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. உள்ளே போய் உடை மாற்றி, சேலையை மடிப்புக் கலையாமல் தட்டில் வைத்தாள். "நாளைக்கு வெயில்ல எடுத்துப் பாருங்க" என்று அவனிடம் சொன்னாள். பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கேசரிகூட அப்படியே மிஞ்சிப்போனது.

மறுநாள் காலை அவன் சேலையை வாசலில் வெயிலில் பிரித்தான். ரத்தச் சிவப்பாக இருந்தது. பிறகு கூடத்துக்கு வந்து நின்று, கூரையையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவளுக்குப் போன் மேல் போன் அடித்தான், அவள் எடுக்கவில்லை. ரோஷக்காரி.

உங்களிடம் மறைப்பானேன். ஆமாம், தெரிந்தேதான் அந்த விளக்கை வாங்கினேன். அவள் வாயை அடைக்க வேண்டும், அவன் வாயாலேயே அடைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் மாட்டினேன். என் பிள்ளையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தாய்க்கு வரும்?

விட்டும் கொடுக்கவில்லை, பாருங்கள். அந்த வாரமே சிங்கப்பூரில் அறை எடுத்துப் போனான், போனும் எடுப்பதில்லை, தீபாவளிக்கும் வரவில்லை, வேலை அதிகம் போலிருக்கிறது. ஆனால் அங்கே தனியாகத்தான் இருக்கிறான். விசாரித்துவிட்டேன்.