பெயர் மறைத்த மதிப்பீட்டாளர்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே, என் கட்டுரையை இன்னும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று போனில் பார்த்துவிடுவேன். "ரிசல்ட் வர்ற அன்னைக்குப் பசங்ககூட இப்படிப் பறக்க மாட்டாங்க" என்று மனைவி கேலி செய்வாள். நான் எழுதியவை எழுபதுக்கு மேல் இருக்கும். என்னை ஆளாக்கியது ஒன்றுதான். கடுங்குளிரிலும் விரிசல் விடாத ஓர் உலோகக் கலவை பற்றிய கட்டுரை. ஆயிரத்து நானூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பதவி உயர்வு, புது ஆய்வகம், மாநாடுகளில் முன்வரிசை நாற்காலி எல்லாம் அதன் புண்ணியம்.

விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையில் ஏழு துண்டுகளைக் குளிரவைத்து இழுத்துப் பார்த்தோம். ஆறு தாங்கின. ஏழாவது சாக்பீஸ் போலப் படக்கென்று உடைந்தது. வார்த்த அன்று உலைக் கதவைச் சரியாக மூடவில்லை என்று உதவியாளர் மேல் பழியைப் போட்டு, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கதவை மூடியது நான். சரியாகத்தான் மூடியிருந்தேன். அந்த உதவியாளர் அதன் பிறகு வேறு பிரிவுக்குப் போய்விட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆய்விதழ் எனக்கு ஒரு கட்டுரையை மதிப்பிட அனுப்பியது. எங்கள் தொழிலில் வழக்கம் அது. ஒரு விஷயத்தில் யார் பெயர் அதிகம் அடிபடுகிறதோ, அவரிடமே அதைப் பற்றிய புதுக் கட்டுரை வந்து சேரும். மதிப்பிடுவது யாரென்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். எழுதியவள் அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்த பெண். என் கலவையில் நாற்பது துண்டுகள் வார்த்து, ஆறு உடைந்ததைப் படத்தோடு காட்டியிருந்தாள். அந்த விரிசலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இது அச்சில் வந்தால் இனி என்னை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாம் என் தவறைச் சொல்லத்தான் காட்டுவார்கள்.

நான் பதறவில்லை. மூன்று மாதம் கிடப்பில் போட்டேன். பிறகு இன்னும் அறுபது துண்டுகளைச் சோதிக்கச் சொன்னேன். சளைக்காமல் சோதித்தாள். முடிவு மாறவில்லை. அனுபவக் குறைவால் நேர்ந்த வார்ப்புப் பிழை, வெளியிடத் தகுந்ததல்ல என்று மரியாதையாக எழுதி அனுப்பினேன். என்னுடைய வேறு நான்கு கட்டுரைகளை அவள் மேற்கோள் காட்டாததையும் சேர்த்துக் குறிப்பிட்டேன்.

அடுத்த வாரம் அவளே எனக்குப் போன் செய்தாள்.

"சார், யாரோ ஒருத்தர் என் பேப்பரைத் தள்ளிட்டார். உங்க கலவைதானே, நீங்களே சொல்லுங்க. நான் பண்ணது தப்பா?"

"தப்புன்னு இல்லம்மா. ஆனா இதையே பிடிச்சுத் தொங்கினா உன் வருஷங்கதான் வீணாகும். வேற தலைப்புக்கு மாறிடு. வேணும்னா நான் சிபாரிசுக் கடிதம் தர்றேன்."

கொடுக்கவும் செய்தேன், மனதார எழுதிய கடிதம். வேலை கிடைத்ததும் நன்றி சொல்லி அழுதாள். அன்று எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

போன மாதம் குளிர்பதனக் கிடங்கில் வெடித்த குழாய் என் கலவையில் செய்தது. அமோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஒரு ஃபிட்டர், அவருடைய தம்பி, பெட்டி அடுக்கும் ஒரு பெண். அவர்கள் படங்கள் பேப்பரில் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்டால் அஜீரணம் என்கிறேன். குற்ற உணர்வு ஆளை உள்ளே இருந்து தின்கிறது. அந்த மூவரையும் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

கட்டுரை எழுதிய அந்தப் பெண்ணை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அதைத் தள்ளியது நான்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. போன வாரம் போன் செய்திருந்தாள்.

"சார், அன்னைக்கு நான் விடாம போராடியிருந்தா அவங்க மூணு பேரும் உயிரோட இருந்திருப்பாங்க. நான்தானே சார் காரணம்?"

விம்மி விம்மி அழுதாள். கேட்கவே எனக்குப் பொறுக்கவில்லை. என்னால் முடிந்தவரை தேற்றினேன்.

"மனசை விட்டுடாதம்மா" என்றேன். "சின்ன வயசு, உனக்கு அப்ப தெரியல. நான் உன்னைத் தப்பா நினைக்கல."