இன்னும் அஞ்சே வருஷம்

இருங்க தம்பி, இருங்க. ட்ரில்லைக் கீழ வைங்க. செவுத்துல மார்க் பண்ணிட்டீங்கல்ல, இப்போதைக்கு அது போதும். ஓட்டை மட்டும் எங்க வீட்டுக்காரரு வந்தப்புறம் போட்டுக்கலாம். காவிரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் நடக்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. இல்லல்ல, பில்லு எம்பேர்லதான், ஜோதின்னு இருக்கும் பாருங்க. டிவி வாங்குனதே அவருக்குத் தெரியாது. வேணாம், திருப்பி அனுப்புன்னு சொன்னாலும் சொல்லுவாரு.

தில்லைநகர்ல இன்னொரு வீடு இருக்கா? இருக்கட்டும். இந்நேரத்துக்குக் காவிரிப் பாலத்து நெரிசல்ல போயி மாட்டிக்கிட்டு நிக்கறதுக்கு, இங்க உக்காந்து ஒரு காபி குடிங்க. சக்கரை கம்மியாவா? சரி. பேரு என்ன சொன்னீங்க, சர்ஃபராஸா? உக்காருங்க சர்ஃபராஸ். ஐயையோ, அந்தப் பெட்டி மேல உக்காராதீங்க, அது ஹோம் தியேட்டரு.

ஆமா, ஓடாது. அந்த வரிசையில இருக்கற எதுவுமே ஓடாது. எதுக்கு வெச்சிருக்கீங்கன்னா என்ன சொல்றது, எல்லாம் அவரு சொன்ன ஜோசியம். பேரு அன்புச்செல்வன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்து ரிட்டயர் ஆனவரு. கை பாத்து, கட்டம் பாத்துச் சொல்ற ஜோசியம் இல்ல தம்பி. டிவி, டெக்கு, ரேடியோ, செல்லு, இதுகளுக்கு மட்டும்தான் சொல்லுவாரு. இன்னும் அஞ்சே வருஷம் ஜோதி, பாத்துக்கிட்டே இரும்பாரு. எதுவா இருந்தாலும் அஞ்சுதான். நாலும் கெடையாது, ஆறும் கெடையாது.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்னிக்கு இதையெல்லாம் எறக்கித் தொடச்சு வரிசையா வெச்சு சந்தனம் குங்குமம் வெப்போம். ஓடாததுக்கு எதுக்குங்க பொட்டுன்னா, ஏன், ரிட்டயர் ஆனவனுக்கு மரியாதை கெடையாதாம்பாரு. சூடம் காட்டி முடிச்சு, பொரிகடலையை வாயில போடறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு அந்த வருஷத்து ஜோசியத்தைச் சொல்லுவாரு. எங்க பொண்ணு சுபஸ்ரீ வெளிநாட்டுல இருக்கா, அவ என் செல்லுல வீடியோவுல உக்காந்திருப்பா. பழைய ஜோசியம் பலிச்சுதா இல்லையான்னு தீர்ப்பு சொல்றது நான். ஜட்ஜம்மா வாங்கன்னு அவ கூப்புட்டாத்தான் நான் கிச்சனை விட்டு வெளியவே வருவேன்.

அந்தா இருக்கே, கேசட் போட்டுப் படம் பாக்கற டெக்கு. கேபிள்காரரு முதமுதல்ல வாசல்ல வந்து நின்னப்ப, போய்யா, மாசாமாசம் காசு குடுத்து எவன் டிவி பாப்பான், இன்னும் அஞ்சு வருஷத்துல வீட்டுக்கு வீடு டெக்குதான்னு வெரட்டி விட்டாரு. தெருவே உக்காந்து சீரியல் பாக்குது, நான் மட்டும் ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். வில்லனுக்கு எந்த எடத்துல இருமல் வரும்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியும். தீர்ப்பு, ஃபெயிலு.

அப்புறம் சிடி. தேயாது, அழியாது, பேரப்பிள்ளைங்க வரைக்கும் பாக்கலாம்னாரு. பால்கனியில பளபளன்னு தொங்குது பாருங்க, புறா அண்டாம இருக்க நான்தான் கட்டி வெச்சேன். பேரன் லீவுக்கு வந்தப்ப அது காத்துல சுத்தறதைப் பாத்துக் கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறான். இவரு உடனே, பேரப்பிள்ளை பாக்கறானா இல்லையா, பாஸ் போடுங்கறாரு. போனாப் போகுதுன்னு அரை மார்க் போட்டேன்.

இந்த ஹோம் தியேட்டரு வாங்குனப்ப, இன்னும் அஞ்சு வருஷத்துல சினிமாக் கொட்டாயெல்லாம் கல்யாண மண்டபமாயிடும்னாரு. சிரிக்காதீங்க, இது பாதி பலிச்சுது. ஒரு பழைய தியேட்டர் நெசமாவே மண்டபமாயிருச்சு. அதுலயே, முசிறியில இருக்காரே எங்கண்ணன் காத்தான், அவரு பொண்ணுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுது, எல்லாரும் அட்சதையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. இவரு பக்கத்துல நின்னவரு கையைப் புடிச்சு, இதோ இந்த மணமேடை இருக்கே, இங்கதான் சார் ஸ்க்ரீன் இருந்துச்சு, நான் அப்பவே சொன்னேன்ங்கறாரு. ஆல்பத்துல பாத்தீங்கன்னா ஊரே பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்குது, இவரு மட்டும் சீலிங்கைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு. பாதி மார்க்தான் குடுத்தேன். மிச்ச தியேட்டர்ல பண்டிகைன்னா இன்னும் டிக்கெட் கெடைக்க மாட்டேங்குதே.

அந்த த்ரீ-டி டிவியை மட்டும் கேக்காதீங்க. இனிமே நாட்டுல எல்லாரும் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் டிவி பாப்பாங்களாம். அண்ணன் குடும்பத்தோட வந்திருந்தாரு. கண்ணாடி நாலு, ஆளு ஒரு கூடம். மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறாங்க. சரியாப் பாம்பு சீறுற எடத்துல கண்ணாடி எங்கண்ணன் மூஞ்சிக்கு வந்துச்சு. துள்ளி எந்திரிச்சாரு பாருங்க, காபி பூரா அண்ணி பட்டுப்புடவையில. இன்னிக்கும் எங்க வீட்டுல டிவி ஓடுதுன்னா, ஊர்லேருந்து கொண்டாந்த வாழைத்தாரை வாசல்லயே வெச்சுட்டுப் போயிடுவாரு. கண்ணாடியா? இருக்கே. வெங்காயம் அரியறப்ப போட்டுக்குவேன், கண்ணு எரியாது.

முழுசாப் பலிச்சது ஒண்ணே ஒண்ணு. தெருவுக்கு ஒரு எஸ்டிடி பூத் இருந்த காலத்துல, சனங்க பஸ்ல உக்காந்துக்கிட்டு உள்ளங்கையில சினிமா பாக்கப் போகுதுன்னாரு. ஒர்க்‌ஷாப்பே சிரிச்சுது. இன்னிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு பாருங்க, தலை நிமுந்த ஆளு யாராவது இருக்காங்களான்னு. அஞ்சு வருஷங்கறது கொஞ்சம் இழுத்துருச்சு, ஆனாலும் அதுக்கு நூத்துக்கு நூறு போட்டேன். என்ன கொடுமைன்னா, அது ஒண்ணுலதான் மனுஷன் காசு போடல. இன்னிக்கும் பட்டன் போனுதான். ஏங்கன்னா, வெல எறங்கட்டும்பாரு.

ம்? இப்பப் பாத்துக்கிட்டு இருக்கற டிவி நல்லாத்தானே ஓடுதுங்கறீங்களா? ஓடுது தம்பி. படம் கண்ணாடி மாதிரி தெரியுது. அப்புறம் எதுக்குப் புதுசுன்னுதானே கேக்கறீங்க?

சும்மாத்தான். காபி ஆறுது, குடிங்க. ஒண்ணுமில்ல, மாசி மாசம் அவருக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் பண்ணாங்க. தேறிட்டாரு, டாக்டரே பயமில்லன்னுட்டாரு. நடக்கறாரு, சாப்புடறாரு, என்கூட சண்டை போடறாரு. ஆனா இந்த ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாரு, சூடம் காட்டுனாரு, பொரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான். சுபஸ்ரீ செல்லுலேருந்து, அப்பா, இந்த வருஷம் என்னப்பான்னு கேக்கறா. அதெல்லாம் இருந்து பாக்கறவங்க சொல்லட்டும்மான்னுட்டு உள்ள போயிட்டாரு. எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல. அஞ்சு வருஷங்கற பேச்சே இந்த வீட்டுல இல்லாமப் போச்சு தம்பி. தப்பாவாவது ஒண்ணு சொல்லித் தொலைங்களேன், நான் ஃபெயில் போடறேன்னு இருக்கு எனக்கு.

வாசல் கேட்டு சத்தம் கேக்குது. அவருதான். சர்ஃபராஸ், எனக்காக ஒண்ணு செய்யுங்க. இதுக்கு மேல புதுசா எதுவும் வரப் போறதில்ல சார், இன்னும் இருபது வருஷத்துக்கு இதேதான்னு அவருகிட்ட சொல்லுங்க. பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுது. அவருக்குப் பொறுக்காது, எதுத்து ஒண்ணு சொல்லிடுவாரு.

வாங்க. கடையிலேருந்து வந்திருக்காரு, டிவி மாட்ட. ஆமா, நான்தான் வாங்குனேன். திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல உக்காருங்க, வேர்த்து ஊத்துது பாருங்க. திருப்பித்தானே, அனுப்பிடலாம். அதுக்கு முன்னாடி இந்தத் தம்பி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாரு, அதைக் கேட்டுட்டு அனுப்புங்க. நீங்க சொல்லுங்க சர்ஃபராஸ்.

என்னங்க, என்னது? செவுரே டிவி ஆயிடுமா? பெயின்ட் அடிக்கற மாதிரி அடிச்சு விட்டுட்டுப் போயிடுவாங்களா? சரி, இந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியல, ஒத்துக்கறேன். அது எப்ப வரும்? காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க. எத்தனை வருஷத்துல?

ட்ரில்லை எடுங்க சர்ஃபராஸ். நல்லா ஆழமாப் போடுங்க. அஞ்சு வருஷம் தாங்கணும்.