எதிர்க்கடைக்காரரின் பூட்டு

என் பெயரையும் வீட்டு முகவரியையும் இந்தத் தாளின் மேற்பகுதியில் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். சந்தைக் கட்டடத்தில் எல்லோரும் என்னைப் ‘புத்தகம்’ என்று கூப்பிடுவார்கள். என் அம்மா அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். எனக்கு வயது குறைவு என்பதால் அம்மாவின் தங்கையான என் சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். பெண் அதிகாரி சம்மதித்து, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் வரிசையாக எழுதச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

வியாபாரம் எல்லாம் படுத்துப்போய்க் கடைகள் மூடிக்கிடந்த காலத்தில் அம்மா வீட்டில் இருந்தபடி பழைய துணிகளில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நகராட்சியில், சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறவர்கள் மறுபடி காலூன்ற வேண்டும் என்று சொல்லி, பழைய சந்தைக் கட்டடத்தின் அறைகளை வாடகை இல்லாமல் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். கடை நடக்க வேண்டும். சொல்லாமல் பார்வையிட வருவார்கள். பூட்டியிருந்தால் முதல் தடவை ஷட்டரில் மஞ்சள் தாள் ஒட்டுவார்கள். இரண்டாம் தடவையும் பூட்டியிருந்தால் அந்த இடம் காத்திருக்கிற வேறு ஒருவருக்குப் போய்விடும். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துப் பார்த்த செருப்புத் தைப்பவரின் இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். அம்மா ஒருநாள் நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில் எங்கள் கடையில் மஞ்சள் தாள் ஒட்டியாகிவிட்டது.

மாடியில் எங்கள் கடைக்கு நேர் எதிரே இருப்பதும் தையல் கடைதான். அதை நடத்துகிறவர் கோட்டுத் தைப்பதில் பேர் வாங்கியவர் என்பதால் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர் அவர்தான். அம்மாவுக்கும் அவருக்கும் ஆகாது. அம்மா பாவாடை ஓரங்களை மெஷினில் ஓட்டாமல் கையால் தைப்பார். “அந்தம்மா தைக்கிறதுக்குள்ள புள்ள அடுத்த கிளாஸ் போயிடும்” என்று அவர் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். “அவரு தைக்கிற சட்டைய மனுஷன் போட முடியாது, ஹேங்கர்தான் போடும்” என்று அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் காதில் விழும்படி சொல்வார். இருவரும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. இதை நான் மறைக்கவில்லை. சந்தைக் காவலாளி அவர்மேல் கொடுத்த புகாரில் சொன்னவற்றில் இந்தப் பகுதி உண்மை.

வியாழக்கிழமை அம்மா கடையில் வயிற்று வலியால் சுருண்டு விழுந்தார். அக்கம்பக்கத்தினர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, அம்மாவை வாடகை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அவசரத்தில் அம்மாவின் கைப்பை வண்டியிலேயே போய்விட்டது. கடைச் சாவிகள் அதற்குள் இருந்தன. அதன் பிறகு அம்மாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “கடை தொறந்திருக்கா?” என்பதுதான். சித்தி என்னைப் பார்த்தார். நான் திறந்திருக்கிறது என்றேன்.

நேற்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. நான் சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டும் என்று சந்தைக்குப் போனேன். எனக்குப் பொத்தான் மட்டும்தான் தைக்கத் தெரியும். பூட்டின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது கோட்டுக்காரரும், படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாவி செய்பவரும் என்னிடம் வந்தார்கள். சாவிக்காரர் முந்தின நாள் நகராட்சி அலுவலகத்தில் ஒரு மேசையின் பூட்டைச் சரிசெய்யப் போயிருந்ததாகவும், சனிக்கிழமை நம் வரிசைக்குப் பார்வையிட வருகிறார்கள் என்று அங்கே பேசிக்கொண்டதாகவும் சொன்னார். அதன் பிறகு கோட்டுக்காரர், நான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“புத்தகம், இந்தப் பூட்ட ஒடைக்கலாமா? நீ சரின்னாத்தான்.”

எனக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. “சரி சார்” என்றேன். சாவிக்காரர் சிரித்தார். பூட்டு மிகப் பழையது, அவர் எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை. கடைசியில் அதை அறுத்தார். அறுக்கும்போது, “மூணு பேரு கூடி நின்னு பூட்ட அறுத்தா அதுக்கு ஊர்ல வேற பேரு” என்று சொன்னார். அது விளையாட்டுப் பேச்சு. ஆகவே அந்தப் பூட்டு என்னுடைய சம்மதத்தோடு, என் கண்முன் அறுக்கப்பட்டது.

அதன் பிறகு கோட்டுக்காரர் தன் கடையைத் திறக்கவில்லை. எங்கள் கடைக்குள் வந்து, விளக்கைப் போட்டு, அம்மாவின் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்தார். அம்மா குள்ளம். முக்காலியும் குள்ளம். அவருடைய முழங்கால் இரண்டும் மெஷின் பலகையில் இடித்தன. அவர் கடையிலிருந்து நாற்காலி எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எதை நகர்த்தினாலும் உங்கம்மா வாசலில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

அம்மா வெட்டி வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் மேசையில் இருந்தன. அவர் ஒரு பாவாடையை எடுத்து மூட்டி, ஓரத்தை மெஷினில் ஓட்டி முடித்தார். கண் இமைப்பதற்குள் முடிந்ததுபோல் இருந்தது. அதன் பிறகு அதைத் தூக்கி, கொடியில் அம்மா தைத்து மாட்டியிருந்த பாவாடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு பிளேடை எடுத்துத் தான் போட்ட ஓரத் தையல் முழுவதையும் பிரித்தார். ஏன் என்று கேட்டேன்.

“இது உங்கம்மா கடை. இங்கேருந்து உங்கம்மா தையல்தான் வெளிய போகணும்.”

அதன் பிறகு அவர் என்னிடம் ஊசியை வாங்கிக்கொண்டு, எத்தனையோ தடவை கேலி செய்த அதே தையலைக் கையால் போடத் தொடங்கினார். அம்மா சாய்வாகப் போடுவார். அவரும் சாய்வாகப் போட்டார். அம்மா மடிப்பு வருகிற இடத்தில் மட்டும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவார். அதை நான்கூடக் கவனித்ததில்லை. அவர் கவனித்திருக்கிறார். எதிர்க்கடையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறார். முடித்த பாவாடையை அம்மாவின் பாவாடையோடு சேர்த்து மாட்டினார். நான் திரும்பி நூல்கண்டை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தபோது, எது யார் தைத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரிய கோபுரத்தையோ கடலையோ முதலில் பார்க்கிறவர்கள் வாய் பேசாமல் நிற்பார்கள் என்று படித்திருக்கிறேன். நான் ஒரு பாவாடையின் ஓரத்தைப் பார்த்து அப்படி நின்றேன். இது நிகழ்ச்சி இல்லைதான், ஆனால் நான் பார்த்தது என்பதால் எழுதுகிறேன்.

நடுவில் ஒருவர் அவருடைய கடைக்குத் துணியோடு வந்து, மூடிய ஷட்டரைத் தட்டிப் பார்த்தார். நான் கோட்டுக்காரரிடம் சொன்னேன். “தெரியுது. நூல் கோத்துக் குடு” என்றார். வந்தவர் போய்விட்டார்.

அதன் பிறகு நகராட்சியிலிருந்து பார்வையிடுகிறவர் வந்தார். கடைக்காரர் எங்கே என்று கேட்டார். கோட்டுக்காரர் எழுந்திருக்காமல், ஆஸ்பத்திரியில் என்றார். அப்படியானால் நீங்கள் யார் என்று அவர் கேட்டார். “தைக்கிறவன். கடை நடக்குதா இல்லையான்னு பாத்துக்குங்க.” பார்வையிடுகிறவர் கொடியையும் மெஷினையும் பார்த்துவிட்டு எங்கள் ஷட்டரில் இருந்த மஞ்சள் தாளைக் கிழித்து எடுத்தார். அதன் பிறகு திரும்பி, எதிர்க்கடை ஷட்டரில் புதிதாக ஒன்றை ஒட்டினார். கோட்டுக்காரர் ஊசியை நிறுத்தவில்லை.

பார்வையிட்டவர் போன பிறகு, எதற்காக இப்படிச் செய்தீர்கள் மாமா என்று கேட்டேன். மாமா என்ற சொல் தானாக வந்தது. ஒரே ஒரு தையல் கடைக்காக யாரும் இவ்வளவு படி ஏறி வர மாட்டார்கள், இரண்டு இருந்தால்தான் அங்கே இல்லாவிட்டால் இங்கே என்று நம்பி வருவார்கள், எல்லோரும் விழுந்து எழுந்திருக்கிற நேரத்தில் பக்கத்துக் காலை இழுத்தால் தன் காலும் சேர்ந்து வழுக்கும் என்று சொன்னார். அதன் பிறகு, “உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. நன்றி சொல்ல வந்து நிப்பாங்க. அப்புறம் எப்பிடிச் சண்ட போடுறது?” என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாலையில் ஷட்டரை இறக்கியபோது எங்களிடம் பூட்டு இல்லை. அவர் என்னை நிற்கச் சொல்லிவிட்டு எங்கோ போய் ஒரு பெரிய பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து எங்கள் கடையைப் பூட்டினார். அதன் சாவிகள் இரண்டையும் என் கையில் கொடுத்தார். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “அடுத்தவங்க கடைச் சாவி எனக்கெதுக்கு?” என்றார். அவரிடம் உபரியாக ஒரு பூட்டு இருந்தது என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

இன்று காலை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாவிக்காரர் ஓடி வந்தார். நேற்று வேலைக்கு வராத சந்தைக் காவலாளி, அறுபட்ட பூட்டைக் குப்பையில் கண்டிருக்கிறார். எங்கள் ஷட்டரில் கோட்டுக்காரரின் பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, கடைக்காரப் பெண் படுக்கையில் கிடக்கும்போது இவர் பூட்டை உடைத்துக் கடையைப் பிடித்துக்கொண்டார் என்று புகார் கொடுத்துவிட்டார். போலீஸ்காரர்கள் சாவியைக் கேட்டதற்கு, தன்னிடம் இல்லை என்று மட்டும் கோட்டுக்காரர் சொன்னாராம். யாரிடம் இருக்கிறது என்று சொல்ல மறுத்ததால் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். தாய் படுத்துக் கிடக்கிற நேரத்தில் ஒரு பிள்ளையை நிலையத்துக்கு இழுக்க மாட்டேன் என்று சாவிக்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதி நான் கேட்டது, பார்த்தது இல்லை.

அதன் பிறகு சித்தியும் நானும் சந்தை வழியாக இங்கே வந்தோம். எங்கள் கடை முன்னால் சிலர் நின்று அந்தப் பித்தளைப் பூட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் பின்னால் திரும்பவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். எதிர்க்கடை ஷட்டரில் மஞ்சள் தாள் இருந்தது. அதற்குக் கீழே, பூட்டுப் போடுகிற வளையங்களில் பூட்டு இல்லை. அவர் எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும் அளவு நாடாவை வளையங்களுக்குள் விட்டு, கோட்டுப் பொத்தான் போல அழகாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். அவருடைய மெஷினும் கோட்டுத் துணிகளும் இரவு முழுவதும் அந்த நாடாவின் காவலில் இருந்திருக்கின்றன. அவரிடம் இருந்தது ஒரே பூட்டு.

அந்தப் பூட்டின் சாவிகள் இரண்டையும் இத்துடன் அதிகாரியின் மேசைமேல் வைக்கிறேன். பிடித்துக்கொண்ட கடையின் சாவியை யாரும் அந்தக் கடைக்காரியின் மகளிடம் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். ஐயம் இருந்தால் யாரையாவது அனுப்பி அந்த முடிச்சைப் பார்க்கச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அவிழ்க்க வேண்டாம். அவரே போய் அவிழ்க்கட்டும்.

இதை அம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதில் உள்ளவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே எழுதியவை. எழுதி முடித்துச் சித்திக்கும் அதிகாரிக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கூட்டியதோ குறைத்ததோ இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
தையல் கடைக்காரரின் மகள்

உடனிருந்து கேட்டவர்: சித்தி (ஒப்பம்)