முதல் சுத்து

இருங்கோ எண்டு நான் சொல்லேல்ல. கதிரை கிடக்குத்தான், அதுக்காக? வாசலில நிண்டே கதையுங்கோ. வந்த அலுவலைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. உந்த பிஸ்கட் பெட்டியையும் திரும்பக் கொண்டு போங்கோ, எனக்கு வேண்டாம்.

ஆரெண்டு தெரியும். ரிஷிகேசன். அந்தப் பிளேனை ஓட்டினது நீங்கள்தான். பேப்பரில பேரும் போட்டு, கையில கட்டோட நிக்கிற படமும் போட்டவங்கள். இப்ப கட்டுக் கழட்டியாச்சுப் போல. என்ட மனிசனுக்குக் கட்டுப் போடக்கூட நேரமிருக்கேல்ல. நஸ்ரி தம்பியின்ட ஓட்டோவில ஆசுபத்திரிக்கு ஏத்திக்கொண்டு போகேக்க, தோப்பூர் தாண்ட முந்தியே முடிஞ்சுது.

என்ன? ரேடியோவில மூண்டு தரம் சொன்னனீங்களோ, இறங்கப் போறன் எண்டு. ஆருக்கு ஐயா சொன்னனீங்கள்? கட்டுநாயக்காப் பெரிய எயார்போட்டில எண்டா உயரக் கட்டிடத்தில ஆள் இருந்து இறங்கு, நில் எண்டு சொல்லுமாம். இங்க ஆர் இருக்கினம்? ஒரு கம்பமும் அதில காத்தடிக்கிற பக்கம் காட்டுற ஒரு காத்துப்பையும் கிடக்கு, அதுவும் கிழிஞ்சு போச்சு. ஓம், பக்கத்தில வேற பிளேன் பறந்தா அதுக்குக் கேக்கும். நெல்லுக் கிண்டுற மனிசனுக்குக் கேக்குமோ? காத்துக்குச் சொல்லிப்போட்டு எங்கட தலையில இறங்கினனீங்கள்.

அத்துமீறி எண்டு சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லை என்ட வீட்டு முத்தத்தில சொல்ல விடமாட்டன். அறுவடை நேரம் ஊரே பிளேன் இறங்கிற அந்தத் தார் றோட்டிலதான் நெல்லுக் காயப்போடும். களவாவோ? உங்கட கொம்பனிக்காரனே ஓம் எண்டவன். ஹோட்டலுக்கு வெள்ளைக்காரரை ஏத்தி இறக்க எப்பவாவது ஒரு பிளேன் வரும், மற்ற நேரம் மாடும் நாயும்தான் அதில படுத்துக் கிடக்கும். வேலிக்குக் கட்டை நட்டவங்கள், கம்பி அடிக்க மறந்து போனாங்கள்.

உங்களுக்கு முந்தி ஒரு பைலட் ஐயா வந்தவர், தலை முழுக்க நரைச்ச மனிசன். அவர் ஒருநாளும் நேர வந்து இறங்கினதில்லை. முதல் ஒருக்கா றோட்டுக்கு மேலால இறங்காமல் தாழப் பதிவாப் பறந்து போவார். மாடு நிக்குதோ, நெல்லுக் கிடக்குதோ, காத்து எந்தப் பக்கம் எண்டு பாப்பார். அதைத்தான் நாங்கள் முதல் சுத்து எண்டுறது. அதுக்குப் பிறகு நாங்கள் படங்கை நெல்லோட ஓரத்துக்கு இழுத்து, மாட்டைக் கலைச்சு விலகிவிடுவம். அவர் சுத்திக்கொண்டு ரெண்டாந்தரம் வந்துதான் இறங்குவார். ஆரும் எழுதி வைச்ச சட்டமில்லை, ஆனா ஊரில எல்லாருக்கும் தெரியும், முதல் சுத்துக்கு ஓடத் தேவையில்லை.

என்ட மனிசன் அந்தச் சுத்துக்கு நிண்டு கை காட்டுவார். அறுபது தாண்டின மனிசன், வெட்கமில்லாமல். அந்த ஐயாவும் செட்டையை ஒருக்காச் சரிச்சுக் காட்டிப்போட்டுப் போவார். ஏதோ மச்சானும் மச்சானும் மாதிரி. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அண்டைக்கு முதல்தரம் வந்த நீங்கள் ஏன் சுத்தேல்ல? சொல்லுங்கோ.

எண்ணெய் செலவெண்டு கொம்பனி நிப்பாட்டினதோ. அப்ப அதை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க ஏலாதோ? ஓட்டோக்காரனே வளைவில கோர்ன் அடிச்சிட்டுத்தான் திருப்புவான். உங்களுக்குப் படிப்பிச்சவன் இதைச் சொல்லித் தரேல்லையோ? தலையைக் குனியாதேங்கோ, உங்களுக்கு இரங்கிற நிலைமையில நான் இல்லை.

நாளைக்குத் திருகோணமலையில விசாரணை எண்டு தெரியும். முந்தநாள் கொம்பனியால ரெண்டு பேர் வந்தவை. என்ட மனிசன் செல்லத்தம்பி குறுக்க ஓடினவராம், அதுதான் இடிச்சதாம். முழங்கால் வருத்தக்காரன், கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற மனிசன், ஓடினவராம். அந்தக் கதை அப்பிடியே ஊருக்குள்ள போய் இப்ப எப்பிடி வந்து நிக்குது தெரியுமோ? இந்தச் சிவகாமியின்ட வாய் பொறுக்கேலாமல் அந்தாள் தானாப் போய்ப் பிளேனுக்குக் குறுக்க பாஞ்சவராம். நான் கிணத்தடிக்குப் போனா அங்க கதை நிக்குது. என்ட வாயைப் பற்றி ஊருக்கு நல்லாத் தெரியும்தானே, அதால நம்புறதும் லேசு.

நீங்கள் நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கள்? கொம்பனி சொல்லித் தந்ததையோ?

பொறுங்கோ, இப்ப சொல்ல வேண்டாம்.

எனக்கும் சத்தம் கேட்டது. நான் குனிஞ்சு சாக்குக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தனான். முதல் சுத்துத்தானே எண்டு நிமிரேல்ல. நிமிரேக்க எல்லாம் முடிஞ்சு, நெல்லு வானத்தில பறந்தது. அந்த நேரம் அந்தாளின்ட முகத்தை நான் பாக்கேல்ல. நிண்டபடி கடைசியாப் பாத்த ஆள் நீங்கள்தான்.

அண்டைக்குக் காலமை எங்களுக்குச் சண்டை. ராவு படங்கை மூடாமல் விட்டு, பனியில நெல்லு முழுக்க ஈரம். உங்களோட மாரடிக்கிறதை விட நீங்கள் எங்கயாவது போய்த் துலைஞ்சா நிம்மதி எண்டு சொன்னனான். அந்தாள் போய் நெல்லைக் காலால கிண்டத் தொடங்கினவர். நாப்பது வருசமாச் சொல்லுற பேச்சுத்தான் அது. ஆனா ஊர்ச்சனம் சொல்லுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் இப்ப பயமாக்கிடக்கு.

ஒண்டு மட்டும் கேக்கிறன். பிளேன் கிட்ட வரேக்க அந்தாள் எப்பிடி நிண்டவர்? கையைத் தூக்கினவரோ?

தலையை ஆட்டாதேங்கோ, வாயைத் திறந்து சொல்லுங்கோ.

என்னது? துவாயோ. தோளில கிடந்த துவாயை எடுத்துத் தலைக்கு மேலால சுழட்டினவரோ.

துவாயைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லேல்ல. கொம்பனிக்காரருக்கும் சொல்லேல்ல. அந்த நரைச்ச ஐயாவுக்கு மட்டும்தான் அப்பிடிச் சுழட்டுவார். உங்களை அந்த ஐயா எண்டு நினைச்சிட்டார்.

உங்களை மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதேங்கோ. நாளைக்கு அங்க எல்லாருக்கும் முன்னால இதைச் சொல்லுங்கோ, அந்தாள் ஓடேல்ல, பாயேல்ல, நிண்டு துவாயைச் சுழட்டினவர் எண்டு.

கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. இன்னொருக்காச் சொல்லுங்கோ, எப்பிடிச் சுழட்டினவர்?